சுவரில் பேருக்கு விட்ட இடம்

ஒரு மாசத்துக்கு மேலா எதுவும் எழுதலை. கோடை உழவு, ஒரு கல்யாணம், ரெண்டு துட்டி வீடு. கை ஒழியலை. இப்போ உழுது போட்டாச்சு, இனி மழை வந்தாத்தான் வேலை. அதனால ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒண்ணை எழுதிடுறேன். அரசியல்தான். ஆனா எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன். சொல்லிட்டா விஷயத்தை விட்டுட்டு என்னை எடை போட ஆரம்பிச்சிருவீங்க.

எங்க ஊருக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் எங்க சித்தப்பா வீட்டுச் சுவர். ரோட்டைப் பார்த்த சுவர். பஸ்ஸுல போறவன் கண்ணுல படாம தப்பிக்க முடியாது. தேர்தலுக்கு ஆறேழு மாசம் முன்னாடியே அதுல வெள்ளையடிச்சு, கட்சிப் பேரையும் வருஷத்தையும் போட்டு பிடிச்சு வெச்சிருவோம். அப்புறம் சின்னம் வரைவோம். 'வாக்களிப்பீர்' எல்லாம் எழுதிருவோம். நடுவுல வேட்பாளர் பேர் வர்ற இடம் மட்டும் வெறும் வெள்ளையா இருக்கும். அந்தப் பேர் சென்னையில இருந்து வரணும்.

ஒரு தேர்தலுக்கு இப்படித்தான் இடம் விட்டு வெச்சிருந்தோம். பெயிண்டர் தம்பி நாலு எழுத்துப் பேருக்கு இடம் விட்டிருந்தான். எங்க ஒன்றியம் பூரா அந்த நாலெழுத்துப் பேர்தான்னு முடிவே பண்ணியிருந்தோம். ஒன்றிய கவுன்சிலரா இருந்தவர். எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, எந்த மடையில ஷட்டர் துரு ஏறிப் போச்சுன்னு டைரி பார்க்காம சொல்லுவார். ராத்திரி பத்து மணிக்குப் பிரசவ வலின்னு போன் போட்டா கார் அனுப்புவார். அவரும் மனு கட்டியிருந்தார், நேர்காணலுக்கும் போயிட்டு வந்தார்.

பட்டியல் வந்த அன்னைக்கு டீக்கடை டிவி முன்னாடி முப்பது பேர் நிக்கிறோம். கீழே எழுத்து ஓடுது. எங்க தொகுதி வந்துச்சு. பேரைப் பார்த்தோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். யாருன்னே தெரியலை. பெயிண்டர் தம்பிதான் முதல்ல வாயைத் திறந்தான்: "அண்ணே, இனிஷியலோட சேர்த்துப் பன்னெண்டு எழுத்துண்ணே, இடம் பத்தாது."

அந்தப் பன்னெண்டு எழுத்தையும் நெருக்கி எழுதத்தான் செஞ்சோம். நானும் வேலை பார்த்தேன். அதுதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு 'அடிமட்டத் தொண்டன்'னா மேடையில தலைவர் சொல்ற வார்த்தையாத் தெரியும். அவன் என்ன செய்யிறான்னு கொஞ்சம் சொல்றேன். எங்க பூத்துல எழுநூத்திச் சொச்சம் ஓட்டு. அதுல யார் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், யார் சென்னையில மளிகைக் கடையில நிக்கிறான், யார் செத்தும் பட்டியல்ல உயிரோட இருக்கார், எந்தப் பாட்டிக்கு ஆட்டோ வேணும், எந்த வீட்டுல மாமியாரும் மருமகளும் வேற வேற சின்னம், எல்லாம் எனக்கு மனப்பாடம். 22 வருஷம் பூத் முகவரா உட்கார்ந்திருக்கேன். ஓட்டுப்பதிவு அன்னைக்கு விடியுமுன்னே போகணும். முகவர்கள் கண் முன்னாடி மாதிரி ஓட்டு, குறைஞ்சது 50 போட்டுக் காட்டுவாங்க. எண்ணிச் சரிபார்த்து, அதை அழிச்சு, சீல் வெச்சு, அப்புறம்தான் நிஜ ஓட்டு. சாயங்காலம் மொத்தம் எத்தனை விழுந்துச்சுன்னு 17சி படிவத்தைக் கையெழுத்தோட வாங்கிட்டு வரணும். இடையில ஒண்ணுக்குப் போகக்கூட ஆளை மாத்திவிட்டுட்டுத்தான் எந்திரிக்கணும். இதுக்கு ஒரு பொட்டலம் சோறு, கொஞ்சம் பேட்டா. குறை சொல்லலை. விரும்பித்தான் செஞ்சேன்.

ஆனா இந்த 22 வருஷத்துல ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, "உங்க ஊருக்கு யாரை நிறுத்தலாம்?"னு எங்கிட்ட யாரும் கேட்டதில்லை. நிறுத்தினவரை ஜெயிக்க வைக்கிறது மட்டும் என் வேலை.

பன்னெண்டெழுத்துக்காரர் பிரச்சாரத்துக்கு வந்தார். ஜீப்பை விட்டு இறங்கலை. பதினோரு நிமிஷம், நான் மணி பார்த்தேன். ஆரத்தி எடுத்த பொம்பளைகளுக்குத் தட்டுல நோட்டு விழுந்துச்சு. மைக்கைப் பிடிச்சு, "நீங்கள் நீண்டகாலமாகக் கேட்டுவரும் பாலத்தை நான் கட்டித்தருவேன்"னார். எங்க ஊர்ல பாலம் கட்ட ஆறே கிடையாதுங்க. எங்க மாவட்டத்துல குமாரலிங்கபுரம்ங்கிற பேர் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜவுளிப் பூங்கா வருதுன்னு பேப்பர்ல பார்த்திருப்பீங்களே, அந்த இ.குமாரலிங்கபுரம் வேற. வேற எந்த ஊருக்கு எழுதின தாளை எங்க ஊர்ல படிச்சாரோ தெரியலை. அவர் ஜெயிச்சாரா தோத்தாரான்னு சொன்னா ஆள் தெரிஞ்சிரும், விட்டுருவோம்.

இப்போ கதை கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போகுது. பதறாதீங்க, திரும்பி வந்துருவேன்.

எங்க அக்கா மகன் அங்க அயோவா மாகாணத்துல டெ மாயின்ங்கிற ஊர்ல கம்ப்யூட்டர் வேலை. 2019 கடைசியில ஒரு நாள் போன் பண்ணி, "மாமா, இன்னைக்கு மட்டும் மூணு பேர் கதவைத் தட்டிட்டாங்க. எனக்கு ஓட்டே கிடையாதுன்னு சொல்லியும் ஒரு பாட்டி அஞ்சு நிமிஷம் பேசிட்டுத்தான் போச்சு"ன்னான். அதிபர் தேர்தலான்னு கேட்டேன். இல்லையாம். கட்சி சார்பா அதிபருக்கு யார் நிக்கணும்னு கட்சிக்குள்ள நடக்கிற தேர்தலாம். பிரைமரிங்கிறாங்க. அயோவாவில் அதையே காக்கஸ்னு வேற மாதிரி நடத்துறாங்க. கட்சிக்காரங்க ராத்திரி ஊர்ப் பள்ளிக்கூடத்துலயோ சர்ச்சிலயோ கூடுறாங்க. ஜனநாயகக் கட்சியில அப்போ பெட்டிகூட கிடையாது. இன்னாருக்கு இந்த மூலை, இன்னாருக்கு அந்த மூலைன்னு பிரிஞ்சு நிக்கணும். நூத்துக்குப் பதினஞ்சு பேர் சேராத கூட்டம் கலைஞ்சு வேற மூலைக்குப் போகணும். அப்போ பக்கத்து வீட்டுக்காரன், "இங்க வாப்பா"ன்னு கூப்பிடுறான். அசல் ஊர்க்கூட்டம்.

(அந்த 2020 பிப்ரவரி கூட்டத்துல முடிவை அனுப்ப செல்போன்ல ஒரு செயலி கொண்டுவந்து, அது படுத்துக்கிச்சு. யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லப் பல நாளாச்சு. 17சி காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சு நடக்கிற நாங்க தேவலைன்னு அவன்கிட்ட சொன்னேன்.)

அயோவா என்ன ஊருன்னு விசாரிச்சேன். மக்காச்சோளம். கண்ணுக்கெட்டின தூரம் மக்காச்சோளம். நாங்களும் இந்தக் கரிசக்காட்டுல பருத்தியைக் குறைச்சிட்டு மக்காச்சோளத்துக்கு மாறினவங்கதான். மானாவாரி. அதனால ஒரு பாசம் வந்துருச்சு. அங்க 99 கவுண்டி, நம்ம தாலுகா மாதிரி வெச்சுக்குங்க. அதிபராகணும்னு நினைக்கிறவன் அந்த 99-க்கும் போயிட்டு வர்றதை ஒரு பெருமையாச் சொல்லிக்கிறான். 2024-ல பாலக்காட்டுப் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட விவேக் ராமசாமி, கோடீஸ்வரர், அவரும் 99-ஐயும் சுத்தினார். எட்டு சதவீதம்கூட வாங்கலை. நாலாவது இடம். அன்னைக்கு ராத்திரியே போட்டியை விட்டு விலகிட்டார். பணம் இருந்தும், ஊர் சுத்தியும், 'வேண்டாம்'னு சொல்ற வாய்ப்பு அந்தச் சம்சாரிங்ககிட்ட இருந்துச்சு பாருங்க.

அதைவிட முக்கியமான விஷயம் எத்தனால். மக்காச்சோளத்துல இருந்து எடுத்துப் பெட்ரோல்ல கலக்கிறது. அமெரிக்காவுல விளையிற மக்காச்சோளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல அதுக்குத்தான் போகுது. அயோவாவுக்கு வர்ற எந்த வேட்பாளரும் எத்தனால் பற்றி என்ன நினைக்கிறேன்னு பதில் சொல்லாமத் தப்பிக்க முடியாது. டெட் குரூஸ்ங்கிறவர் 2016-ல அந்தக் கட்டாயக் கலப்பு வேண்டாம்னு அவங்க ஊர்லயே நின்னு சொன்னார், சொல்லியும் ஜெயிச்சார், அது வேற விஷயம். ஆனா பதில் சொல்லித்தான் ஆகணும். சம்சாரி கேள்வி கேட்கிற நேரத்துல வேட்பாளர் இன்னும் வேட்பாளர் ஆகலை. அங்கதான் இருக்கு சூட்சுமம்.

எங்க ஊர் எத்தனால் காட்டுப்பன்னி. கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. அதுக்குள்ள பகல்ல படுத்துக்கிட்டு ராத்திரி காட்டுக்குள்ள இறங்குது. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல ஒரு குடும்பம் இறங்கினா விடியும்போது ஒரு ஏக்கர் பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். பழைய சேலையைச் சுத்திக் கட்டி வேலி போட்டிருக்கோம். எங்க பக்கம் பஸ்ஸுல போனா கலர் கலரா பார்த்திருப்பீங்க, திருவிழான்னு நினைச்சிருப்பீங்க. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வர்ற பன்னியை வனத்துறை ஆட்கள் சுடலாம்னு. எங்களுக்குக் காடே பக்கத்துல இல்லை, அப்போ சட்டப்படி எங்க பன்னி எல்லாம் சுட வேண்டிய பன்னிதான். ஆனா ராத்திரி ஒரு மணிக்கு யாருக்குப் போன் போடுறது, வர்றது யாருன்னு இன்னும் எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. இதைப் பற்றி ஒரு வேட்பாளர் கருத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு எங்க வந்துச்சு? அவருக்குச் சீட்டு கொடுத்தது நாங்க இல்லையே.

நம்ம சாதிக்காரர் ஒருத்தர் கதையையும் சொல்லணும். சாதின்னா நிலக்கடலைச் சாதி. ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியா மாகாணத்துல பிளெயின்ஸ்ங்கிற பட்டிக்காட்டுக் கடலைக்காரர். மாகாண கவர்னரா இருந்தவர்தான், ஆனா நாட்டுல ஆளைத் தெரியாது. ஜிம்மியா, எந்த ஜிம்மின்னு பத்திரிகைக்காரங்களே கிண்டல் பண்ணினாங்க. 1974 டிசம்பர்லயே நிக்கப்போறேன்னு சொல்லிட்டு, அடுத்த வருஷம் பூரா அயோவா ஊர் ஊரா அலைஞ்சார். லாட்ஜ் போட முடியாம ஆதரவாளர் வீட்டிலேயே ராத்திரி தங்குவார். காலையில தான் படுத்த படுக்கையைத் தானே மடிச்சு வெச்சிட்டுப் போவாராம். 1976 ஜனவரியில் அவர் மாகாணத்து ஜனங்க தொண்ணூறு பேர் அளவில் சொந்தச் செலவுல கிளம்பி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக்குப் போய் உறைபனியில வீடு வீடாத் தட்டினாங்க. கடலைப் பட்டாளம்னே அவங்களுக்குப் பேர் வந்துச்சு. அயோவாவில் அந்த வருஷம் முதல் இடம் யாருக்குத் தெரியுமா? 'இன்னும் யாரையும் முடிவு பண்ணலை'ங்கிறவங்களுக்கு, 37 சதவீதம். நம்ம நோட்டா மாதிரி. கார்ட்டருக்கு 28-க்குப் பக்கம், ரெண்டாவது இடம். ஆனா ஆள்களில் அவர்தான் முதல். அங்கே பிடிச்ச ஓட்டம் வெள்ளை மாளிகையில போய் நின்னுச்சு.

கார்ட்டர் நல்லா ஆண்டாரா இல்லையாங்கிறது வேற பஞ்சாயத்து. ஒரே தவணைதான், 1980-ல தோத்துட்டார். நான் சொல்ல வந்தது, தொண்ணூறு பேர் தங்கள் கைக்காசைப் போட்டுப் போனது ஏன்? அவங்களும் அடிமட்டத் தொண்டன்தான், நானும் அடிமட்டத் தொண்டன்தான். அவங்க, இவரை நிறுத்துங்கன்னு ஊரைக் கேட்கப் போனாங்க. நான், நிறுத்தியாச்சு, போடுங்கன்னு கேட்கப் போறேன்.

அமெரிக்காவுல எல்லாம் யோக்கியம்னு சொல்ல வரலை. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துல கமலா ஹாரிஸுக்குக் கோயில்ல பூஜை எல்லாம் நடந்துச்சே, அவங்க 2019 டிசம்பர்ல, ஒரு ஓட்டு விழுறதுக்கு முன்னாடியே பிரைமரியில இருந்து விலகினவங்க. 2024-ல கட்சிக்காரங்க எல்லாம் பைடனுக்கு ஓட்டுப் போட்டு முடிச்ச பிறகு ஜூலை மாசம் பைடன் விலக, இவங்க வேட்பாளர் ஆனாங்க. ஓட்டுப் போட்டது ஒருத்தருக்கு, நின்னது இன்னொருத்தர். தோத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு அங்க இன்னமும் சண்டை போடுறாங்க. அயோவாவையும் ஜனநாயகக் கட்சி 2024-ல வரிசையில் பின்னுக்குத் தள்ளிருச்சு. சின்ன மாகாணம், பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, அவங்க ஏன் நாட்டுக்கே முதல்ல முடிவு பண்ணணும்னு கேட்டது நியாயமான கேள்விதான்.

இப்போ நம்ம மண்ணுக்கு வர்றேன். (உடனே உத்திரமேரூர் குடவோலைன்னு ஆரம்பிக்காதீங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கல்வெட்டைக் காட்டியே இன்னைக்குப் பதில் சொல்லாமப் போயிடுறோம்.)

நாட்டுக்கு யார் பிரதமர்ங்கிறதை முடிவு பண்ணினதுல பெரும்பங்கு எங்க விருதுநகர்க்காரருக்கு. 1964-ல சாஸ்திரி, 1966-ல இந்திரா காந்தி, ரெண்டு தடவையும் காமராஜர். 1966 ஜனவரி 19-ம் தேதி இந்திராவா மொரார்ஜியான்னு ஓட்டெடுப்பு. 355-க்கு 169. ஓட்டுப் போட்டது காங்கிரஸ் எம்.பி.க்கள் மட்டும். (கார்ட்டர் அயோவாவில் முதலடி வெச்சதும் சரியாப் பத்து வருஷம் கழிச்சு அதே ஜனவரி 19.) எங்க ஊர்க் கதர்ச்சட்டைக்காரர்களைக் கேட்டா பெருமையாத்தான் சொல்லுவாங்க. ஆனா அந்த முடிவுல அவங்களுக்குப் பங்கில்லை. அடுத்த வருஷமே 1967-ல விருதுநகர்ல சீனிவாசன்ங்கிற மாணவர் தலைவர்கிட்ட அதே காமராஜர் 1,285 ஓட்டுல தோத்தார். தெருத் தெருவா மாணவப் பசங்க சுத்தினதை எங்க அப்பா சொல்லக் கேட்டிருக்கேன். கீழ இருக்கிறவன் பலம் எங்களுக்குத் தெரியாதது இல்லை. அது வீழ்த்துறதுக்கும் ஜெயிக்க வைக்கிறதுக்கும் மட்டும்தான் பயன்படுது, நிறுத்துறதுக்குப் பயன்படலை.

இன்னொரு கதை, இதுவும் எங்க தொகுதி சம்பந்தப்பட்டது. 1977-ல எம்.ஜி.ஆர். முதல் தடவை முதலமைச்சர் ஆனது அருப்புக்கோட்டையில ஜெயிச்சுத்தான். அவர் தன் கட்சி விதியில பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கணும்னு வெச்சிருந்தார். காகிதத்துல பார்த்தா கார்டு வெச்சிருக்கிற ஒவ்வொரு சம்சாரிக்கும் ஓட்டு. அசல் பிரைமரி. 2022 ஜூலையில் நிக்கிறவரைப் பத்து மாவட்டச் செயலாளர் முன்மொழியணும், பத்துப் பேர் வழிமொழியணும்னு சேர்த்தாங்க. 2023 மார்ச்ல தேர்தல் வந்துச்சு. ஒரே ஒருத்தர் மனு. போட்டியில்லை. கார்டு வெச்சிருந்தவங்க கார்டைப் பத்திரமா வெச்சிருந்தாங்க. மத்த கட்சிக்காரங்க சிரிக்க வேண்டாம். உங்க கட்சியில் கடைசியா மாநிலத் தலைமைக்கு ரெண்டு பேர் நின்னு உறுப்பினர் ஓட்டுப் போட்டது எப்போன்னு யோசிச்சுப் பாருங்க.

காங்கிரஸ் 2014-ல பதினாறு மக்களவைத் தொகுதி அளவுல பிரைமரி நடத்திப் பார்த்தது. தமிழ்நாட்டுல ஒண்ணும் கிடையாது. குஜராத் வதோதராவில் உள்ளூர்க்காரர் ஒருத்தர், நரேந்திர ராவத், கட்சிக்காரங்க ஓட்டை வாங்கி ஜெயிச்சார். அப்புறம் மோடி அங்க நிக்கிறார்னு தெரிஞ்சதும் அவர் விலகி வழிவிட, மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தினாங்க. எங்க நாலெழுத்துக்காரர் இதைக் கேள்விப்பட்டா, "நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லையே"ம்பார். ஓட்டு வாங்கிட்டாவது தோக்கலாம்ல.

இதைச் சொன்னதும் டீக்கடையில மூணு ஆட்சேபம் வந்துச்சு.

ஒண்ணு, பணம். உறுப்பினர் ஓட்டுன்னா அதுக்கும் கவர் வரும். வரும். 2009-ல திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு அப்புறம் 'திருமங்கலம் ஃபார்முலா'ன்னு நாடே சொல்லுது. திருமங்கலம் எங்களுக்குப் பக்கம்தான், கூச்சமாத்தான் இருக்கு. ஆனா இப்போ மட்டும் சும்மாவா கிடைக்குது? 2021-ல ஒரு பெரிய கட்சியில விருப்ப மனு கட்டவே பொதுத்தொகுதிக்கு 25,000 ரூபாய். அது ரசீது உள்ள பணம். ரசீது இல்லாததை நான் சொல்லலை, உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது, போலி உறுப்பினர். இது நிஜம். எங்க அம்மாவுக்கு ரெண்டு கட்சி உறுப்பினர் அட்டை இருக்கு. ரெண்டுக்கும் அதைக் கேட்டவங்க கிடையாது. வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதினது. ஒண்ணை எழுதினது நானேதான்.

மூணாவது ஆட்சேபத்துக்குத்தான் எங்கிட்டப் பதில் இல்லாமப் போச்சு. அதை டீக்கடையில சொல்லலை, எங்க வீட்டுல சொன்னாங்க. வேப்பமரத்தடியில பன்னெண்டு பேர் கூடிப் பேசினோம். இந்தத் தடவை எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, சீட்டு கேட்கிறவங்க பட்டியல் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு வந்து பதில் சொல்லணும், சொல்லாட்டா சுவரும் கிடையாது, பூத்துக்கு ஆளும் கிடையாதுன்னு முடிவு பண்ணினோம். ரெண்டு கேள்வி: பன்னிக்கு என்ன வழி, கண்மாய் மடையை எப்போ சரி பண்ணுவீங்க. பெருமையா வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்க மதினி அரிசி புடைச்சிக்கிட்டே கேட்டுச்சு: "பன்னெண்டு பேரும் ஆம்பளையா, கொழுந்தனாரே?" கொஞ்ச நேரம் கழிச்சு, "காலனியில இருந்து யாரைக் கூப்பிட்டீங்க?"

யாரையும் கூப்பிடலை. நினைப்பே வரலை. எங்க மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலையும், மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தையும் ஞாபகம் இருக்கும். பட்டியல் சாதிக்கு ஒதுக்கின தலைவர் பதவியை 1996-ல இருந்து பத்து வருஷம் உட்கார விடாம வெச்சிருந்தாங்க. அதுவும் 'ஊர் முடிவு'ங்கிற பேர்லதான். 2006-லதான் ஒழுங்கா தேர்தல் நடந்து முடிஞ்சது. ஊர் தேர்ந்தெடுக்கணும்னு நான் கத்துறேன். ஊர்னா யாருன்னு எங்க மதினி கேட்குது. சென்னையில பட்டியல் போடுறவனும் சாதிக் கணக்குதான் போடுறான்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா அவன் தப்பு செய்யிறான்னா எங்க தப்பு சரியாயிருமா?

திரும்பக் கூடினோம். இந்தத் தடவை பள்ளிக்கூடத் திண்ணையில, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, பொம்பளைங்க வேலை முடிஞ்சு வந்த பிறகு. நாப்பது பேருக்கு மேல வந்தாங்க. காலனியில இருந்து ஏழு பேர். அவங்க கேட்டது மயானத்துக்குப் பாதை. மழை பெஞ்சா பாடையைத் தூக்கிட்டு உழுத காட்டுக்குள்ள நடக்கணும், அந்தக் காட்டுல பாதி எங்க சித்தப்பாவோடது. சித்தப்பா தலையைக் குனிஞ்சிக்கிட்டார். அப்புறம், அளந்து விடலாம், பேசுவோம்னார். பொம்பளைங்க கேட்டது அருப்புக்கோட்டையில இருந்து சாயங்காலம் ஒரு பஸ். மில்லு வேலைக்குப் போற புள்ளைங்க ஷேர் ஆட்டோவுல தொங்கிக்கிட்டு வருதுங்க. பன்னி மூணாவது இடத்துக்குப் போயிருச்சு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்க விரும்பலை. மடை நாலாவது.

அந்த நாலு கேள்வியையும் ஒரு தாள்ல எழுதி, கையெழுத்து, ரேகை எல்லாம் வாங்கி, நாலு கட்சி ஒன்றிய ஆபீசுக்கும் நேர்ல கொண்டுபோய்க் கொடுத்தோம். மூணு இடத்துல வாங்கி மேசையில வெச்சாங்க. ஒரு இடத்துல, எங்க பழைய இடத்துலதான், "உனக்கு என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

போன வாரம் ஒரு போன். சீட்டுக்கு மனு கட்டப்போறவராம். பேர் சொல்லலை நான். எடுத்ததும், "உங்க ஊர்ல உங்க கையில எத்தனை ஓட்டு இருக்கு?"ன்னார்.

"ஓட்டு அவங்கவங்க கையில இருக்குங்க. எங்க கையில நாலு கேள்விதான் இருக்கு"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஞாயித்துக்கிழமை வரலாமா?"ன்னார். வரச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான்னு சொல்லியிருக்கேன். தங்குறதா இருந்தா எங்க வீட்டுத் திண்ணை காத்தோட்டமா இருக்கும், பாய் தலையணை தர்றேன்னும் சொன்னேன். சிரிச்சார்.

பெயிண்டர் தம்பி நேத்து வந்து, சுவர் எப்போண்ணேன்னு கேட்டான். சித்தப்பா சுவரை இந்த வருஷம் இன்னும் யாருக்கும் கொடுக்கலை. சித்தி அதுல வரட்டி தட்டி வெச்சிருக்கு.